என் அக்கா மகாராணியை ஏசி அழுத வழக்கு

என் அக்காவைப் பற்றிக் கேட்டுக்கொண்டு இப்போது சிலர் வருகிறார்கள். ராஜ நிந்தனை வழக்கில் கோர்ட்டு ஏறியவளாமே, அந்தக் காலத்திலேயே வெள்ளைக்காரனை எதிர்த்தவளாமே என்று கண் விரியக் கேட்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. அவள் யாரையும் எதிர்க்கவில்லை. ராஜபாளையத்தில் எந்தச் சாவு வீட்டுக்குக் கூப்பிட்டாலும் போய் ஒப்பாரி வைக்கிறவள் அவள். மகாராணி செத்தபோதும் கூப்பிட்டார்கள், போனாள், அழுதாள். அதற்காக அவளிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று தெரிந்தால் இவர்கள் இப்படி வந்து கதை கேட்க மாட்டார்கள்.

அக்கா எனக்கு நாலைந்து வயது மூத்தவள். தாது வருஷப் பஞ்சத்தில் எங்கள் அம்மா கஞ்சித்தொட்டிக்கு முன்னால் நின்றபடியே சரிந்து செத்தாள். நான் அப்போது இடுப்புக் குழந்தை, எனக்கு ஒன்றும் நினைவில்லை. அக்காவுக்கு எல்லாம் நினைவிருந்தது. அம்மாவை மற்றப் பிணங்களோடு சேர்த்து மாட்டு வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனபோது, வாய்விட்டு அழ ஒருத்தரிடமும் தெம்பில்லையாம். பெரியவளான பிறகும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்வாள். "அம்மாவ அழுவாம அனுப்பிட்டோம் ஏட்டி. வழி தெரியாம எங்கன நிக்காளோ" என்பாள். செத்தவரை அழுதுதான் வழி கூட்டி அனுப்ப வேண்டும் என்பது எங்கள் சனங்களின் நம்பிக்கை. அதனால்தானோ என்னவோ, ஊரில் எந்தப் பிணமும் அழுகையில்லாமல் போகக் கூடாது என்று அவளுக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. நாதியற்ற பிணமென்றால் கூப்பிடாமலே போய் உட்கார்ந்துவிடுவாள்.

நான் அவளுக்கு இரண்டாம் குரல். அவள் ஒரு அடியைப் பாடி இழுத்து நிறுத்துவாள். நான் அதை எடுத்து மாரடித்துக்கொண்டு திருப்பிச் சொல்வேன். அவள் மூச்சு வாங்க வேண்டாமா, அதற்குத்தான் நான். அவள் வீட்டுக்காரர் கண்டிச்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர், போனவர்தான். ஒரே ஒரு பெண் குழந்தை. அதை அவள் வயிற்றில் சுமந்ததோடு சரி, இடுப்பில் சுமந்தது நான்தான். எனக்குப் பிள்ளை இல்லை.

ஒப்பாரி கேட்டறியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் செத்தவரைப் புகழ்ந்து மட்டும் அழுதால் அது அழுகையில் சேர்த்தி இல்லை. ஏச வேண்டும். பாவி, என்னை விட்டுட்டுப் போனியே என்று தொடங்கி, அவர் செய்தது செய்யாதது எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு ஏச வேண்டும். பெண்டாட்டியை அடித்தவன் என்றால் அடித்ததைச் சொல்லி அழ வேண்டும். வாய்க்கால் தண்ணீரை மடக்கியவன் என்றால் அதைச் சொல்லி அழ வேண்டும். உரிமை உள்ளவர்கள்தானே ஏசுவார்கள்? ஏச ஆளில்லாத சாவு அநாதைச் சாவு என்பார்கள். இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மலையடிவாரத்தில் ஒரு பாளையத்து அரண்மனை இருந்தது. அந்தக் காலத்தில் அதன் வாசலைச் செருப்போடு கடக்க முடியாது. தோளில் துண்டு கிடந்தால் இடுப்புக்கு இறங்கிவிட வேண்டும். ராஜாவைப் பற்றி ஒரு சொல் தப்பாகச் சொன்னவனை வெயிலில் முதுகில் கல்லேற்றி நிற்க வைப்பார்கள். அப்பேர்ப்பட்ட ராஜா செத்தபோது அக்காவைக் கூப்பிட்டார்கள். ஏழெட்டு ஊர் சனம் கூடியிருக்க, அவள் பிணத்துக்கு நேரே உட்கார்ந்து, குளத்தைத் தூர்ந்துபோக விட்டதையும் வெள்ளாமையில் பாதியை வாரிக்கொண்டதையும் சொல்லி ஏசி அழுதாள். எனக்கு எடுத்துச் சொல்லவே பயம். ராஜாவின் மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அவளுக்குப் புதுச் சேலை கொடுத்தார். "எங்க அப்பாவ இம்புட்டு உரிமையோட யாரும் அழுதது இல்ல" என்றார். உயிரோடு இருந்தவரை ராஜாவை ஏசினால் தண்டனை; செத்த அன்றைக்கு ஏசாவிட்டால்தான் குறை. எங்களுக்குத் தெரிந்த சட்டம் அதுதான்.

ஒரு தை மாசம், சீமையில் மகாராணி செத்துப்போனாள் என்று தமுக்கு அடித்தார்கள். ஊரெல்லாம் துக்கம் கொண்டாட வேண்டும், கடைகளை அடைக்க வேண்டும், தக்க முறையில் மரியாதை செய்ய வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு. தக்க முறை எது என்று உத்தரவில் இல்லை போலிருக்கிறது. எங்கள் கிராம முன்சீப் நல்ல மனுஷர். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், இரண்டிலும் வெள்ளந்தி. அவருக்குத் தெரிந்த முறை நமக்குத் தெரிந்த முறைதான். பள்ளிக்கூடத்தில் மாட்டியிருந்த மகாராணி படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, சாவடிக்கு முன்னால் பந்தல் போட்டு, பிணத்தை உட்கார வைப்பது மாதிரி ஒரு நாற்காலியில் சாத்தி வைத்தார். கொட்டுக்காரர்களை வரச் சொன்னார். சங்கு ஊத ஆள் வந்தது.

மாலை போடப் போகையில் ஒரு பெரிய மனுஷர் குறுக்கே விழுந்து தடுத்தார். "அவிய புருஷன் இல்லாதவிய, பூ வைக்கலாமா?" என்றார். அதற்கு ஒரு பஞ்சாயத்து நடந்தது. பிறகு பிறந்த வீட்டுக் கோடித்துணி யார் போடுவது என்று ஒரு பஞ்சாயத்து. சீமைக்கு ஆளனுப்ப முடியுமா? கடைசியில் ஜவுளிக்கடை ராவுத்தர் தன் கடையிலிருந்து நல்ல வெள்ளைத் துணியாக ஒன்றைக் கொண்டுவந்து, "பொறந்த வீட்டுக்காரனா நானே இருந்துட்டுப் போறேன்" என்று படத்தின் மேல் போர்த்தினார். சிரிப்பாக இருக்கும் இப்போது கேட்டால். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு சாவுக்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையும் மனசாரச் செய்தார்கள்.

முன்சீப் அக்காவிடம் வந்து, "ஆத்தா, ராணியம்மாவுக்கு ஒரு கொறையும் இல்லாம அழுதுரணும். திருவில்லிப்புத்தூர்ல முகாம் போட்டிருக்க தொரை வாராரு. நம்ம ஊரு மரியாத ஒன் தொண்டையிலதான் இருக்கு" என்றார்.

துரை வந்தார். கூடவே, தமிழை அவருக்கு இங்கிலீஷில் சொல்லும் துபாசியும் வந்தார். மெலிந்த வாலிபர், மூக்குக் கண்ணாடி, இங்கிலீஷ் தெரிந்த பெருமை முகத்திலேயே தெரிந்தது. அக்கா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு படத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். முதலில் மகாராணிக்கு வாய்க்கரிசி போட நம் சனம் பக்கத்தில் இல்லாததற்காக அழுதாள், புருஷனை முந்தியே பறிகொடுத்ததற்காக அழுதாள். அப்புறம் அவளுக்கு அம்மா நினைவு வந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது, குரல் இறங்கியது.

கடலுக்கு அப்பால இருந்தவளே
கண்ணுகொண்டு பாத்தியாடி
கஞ்சித்தொட்டி முன்னால
எங்காத்தா சாயயில
ஒருவாட்டி வந்தியாடி
உப்புக்கும் வரிய வச்சு
ஒத்தப் பாவி போனியேடி
உன் உசுரும் போனதேடி

நான் மாரில் அடித்துக்கொண்டு எடுத்துச் சொன்னேன். சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் பஞ்சத்தில் பறிகொடுத்தவர்கள். பொங்கிப் பொங்கி அழுதார்கள். ஆண்கள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். உலகத்தில் எந்த ஊரிலும் அந்த மகாராணிக்காக இவ்வளவு கண்ணீர் சிந்தியிருக்க மாட்டார்கள் என்று நான் சத்தியம் செய்வேன்.

துரை தலையைச் சாய்த்து துபாசியிடம் ஏதோ கேட்டார். அந்த வாலிபர் சொல்லுக்குச் சொல் அப்படியே சொன்னார். துரையின் முகம் சிவந்தது. எழுந்து குதிரையேறிப் போய்விட்டார். முன்சீப் ஒன்றும் புரியாமல் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நின்றார். கொட்டு அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் ஏட்டும் கான்ஸ்டபிளும் வந்து அக்காவைத் திருவில்லிப்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் மகள் வண்டிக்குப் பின்னாலேயே ஓடியது. நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் திருவில்லிப்புத்தூரில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிறவர். கல்யாணமான புதிதில் அங்கே இருந்தபோதுதான் நான் நாலு எழுத்துக் கற்றுக்கொண்டேன்; பிறகு அக்காவோடு வந்துவிட்டேன். அந்தப் பழக்கத்தில் ஒரு வக்கீலின் பேர் தெரிந்தது. அவரைப் பேசி அமர்த்திக் கொடுத்தது என்னவோ ராவுத்தர்தான். படத்தின் மேல் போர்த்திய துணி தன்னுடையது என்பதால் தனக்கும் இதில் பங்குண்டு என்று அவர் நினைத்தார். வக்கீல் தடித்தடியான புஸ்தகங்களைப் புரட்டிவிட்டு எங்களுக்கு விளக்கினார். ராஜாவை நிந்திப்பது எல்லா தேசத்திலும் பெரிய குற்றமாம். ரோமாபுரியில் ராஜாவின் சிலையை அவமதித்தாலே பிடித்துக்கொண்டு போவார்களாம். சீமையில் ஒரு காலத்தில் ராஜா சாவதை மனசில் நினைத்தாலே தலையை வெட்டுவார்களாம்.

"மனசுல நெனச்சது எப்படிங்க தெரியும்?" என்று நான் கேட்டேன்.

"தெரிஞ்சதா வச்சுக்குவாங்க" என்றார் வக்கீல். இந்த தேசத்தில் அவ்வளவு மோசமில்லையாம். இங்கே சர்க்காரின் மேல் சனங்களுக்கு அன்பில்லாமல் போகும்படி பேசினால்தான் குற்றமாம். இரண்டு மூன்று வருஷம் முன்னால் அந்தச் சட்டத்தை இன்னும் இறுக்கி, வெறுப்பும் இளக்காரமும் வரும்படி பேசினாலும் குற்றம் என்று சேர்த்திருக்கிறார்களாம். சப்ஜெயில் கம்பிக்கு உள்ளேயிருந்த அக்காவிடம் இதையெல்லாம் போய்ச் சொன்னேன்.

"அன்பில்லாமயா ஏட்டி நான் அழுதேன்?" என்றாள்.

அம்மாவைக் கொன்ற பஞ்சத்தை அவள் அந்தக் கிழவிப் படத்தின் முன்னால் கொட்டியது கோபமா அன்பா? இரண்டும்தான். நம்மில் யார் வீட்டுச் சாவில் அதைப் பிரித்துக் காட்ட முடியும்? சட்டம் எழுதினவர்கள் யார் சாவுக்காவது அழுதிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

கோர்ட்டில் துபாசி எழுந்து, அன்றைக்குப் பாடியதைக் காகிதத்தைப் பார்த்து வாசித்தார். ராகம் இல்லை, இழுப்பு இல்லை, மூக்கைச் சிந்தல் இல்லை. கடை வாசலில் விலை சொல்வது மாதிரி வாசித்தார். கேட்கக் கேட்க எனக்கே அது குற்றமாகத்தான் பட்டது.

"இதை நீ பாடினாயா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"இது நான் அழுததுல்ல சாமி. நான் அழுதது இப்படி இருக்காது."

"மகாராணியைப் பாவி என்று சொன்னாயா இல்லையா?"

"சொன்னேன். செத்தவியள வேற எப்படிச் சாமி கூப்பிட?"

கோர்ட்டில் பின்வரிசைப் பெண்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மாஜிஸ்திரேட் தமிழர்தான். அவர் வீட்டிலும் சாவு விழுந்திருக்கும். கையிலிருந்த பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கும் மேலே துரை இருக்கிறாரே. கடைசியில், சிறைக்கு அனுப்ப மனசில்லாமல், ஒரு வருஷத்துக்கு நன்னடத்தை ஜாமீன் எழுதிக் கொடுத்தால் போதும் என்று முடித்தார். அந்த ஒரு வருஷத்தில் நாலு பேர் கூடிய இடத்தில் சர்க்காரைக் குறைகூறி அவள் ஒரு சொல் பாடினால், ஜாமீன் கொடுத்தவர் சொத்து போகும், அவள் உள்ளே போவாள். எங்களிடம் சொத்து ஏது? ராவுத்தர் தன் கடையை எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து வக்கீல் அக்காவிடம் நிதானமாகச் சொன்னார். "அழக் கூடாதுன்னு இல்ல. அழலாம். சர்க்காரைச் சொல்லாம அழணும், அவ்வளவுதான்."

"அழுகையில இதச் சொல்லு, இதச் சொல்லாதன்னு எப்படிங்கய்யா நிறுத்த? வாயத் தொறந்தா வாரது எல்லாம் வருமே" என்றாள் அக்கா. அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஊருக்குத் திரும்பும் வழியில், வண்டி ஓட்டிக்கொண்டு வந்த ராவுத்தரின் முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "என் வாயால அவிய கடைக்குப் பூட்டு விழுந்துரக் கூடாது" என்று மட்டும் சொன்னாள். அதிலிருந்து சாவுக்கு யார் கூப்பிட்டாலும் போகவில்லை. பருத்தி அரைக்கும் ஆலையில் கொட்டை பொறுக்கப் போனாள்.

எங்கள் தெருவுக்குக் குடிக்கிற தண்ணீர் ஓர் ஊருணியிலிருந்துதான். வேலி கிடையாது. மாடும் இறங்கும், மனுஷரும் இறங்குவார்கள், மழை பெய்தால் தெருச் சாக்கடை முழுக்க அதில் போய்ச் சேரும். வேலி கட்டித் தரச் சொல்லித் தெருக்காரர்கள் வருஷா வருஷம் மனுக் கொடுத்தார்கள். வரி வாங்க மட்டும் தவறாமல் வந்த சர்க்கார் ஆட்கள், பார்க்கிறோம் பார்க்கிறோம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆடியில் முதல் மழை பெய்ததும் தெருவில் வாந்திபேதி இறங்கியது.

எங்கள் குழந்தைக்கு விடியற்காலையில் கண்டது. மத்தியானத்துக்குள் கண் குழி விழுந்துவிட்டது. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டது. அந்த நோய்க்குத் தண்ணீர் கொடுத்தால் உயிர் போய்விடும் என்றுதான் அப்போது எல்லாரும் சொல்வார்கள். ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துத் துடைத்து உட்கார்ந்திருந்தோம். போன பங்குனியில் அய்யனார் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். அங்கே ஆற்றில் இறங்கிக் குடித்த தண்ணீர் அதற்கு நினைவிருந்தது. "அந்தக் கோயில் தண்ணி கொஞ்சூண்டு தாம்மா" என்றது. அக்கா, "தாரேன் கண்ணு, இன்னைக்கு மட்டும் பொறு, விடிஞ்சதும் போவோம்" என்றாள். பொழுது சாய்வதற்கு முன்னால் குழந்தை போய்விட்டது. கொடுத்திருக்கலாம். கொடுத்திருக்க வேண்டும் என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். அதை அக்கா கேட்காமல் செத்துப்போனது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

தெரு கூடிவிட்டது. சாவு வீட்டில் பெற்றவள் வாயைத் திறக்காமல் மற்றவர்கள் தொடங்கக் கூடாது. அத்தனை பெண்களும் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நோய் கண்ட தெரு என்பதால் கான்ஸ்டபிள் ஒருவர் முனையில் நின்றார். அவள் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு, முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, உடம்பு தூக்கிப் போடுகிறது, சத்தம் மட்டும் இல்லை.

"கல்நெஞ்சுக்காரி" என்று பின்னாலிருந்து ஒருத்தி முணுமுணுத்தாள்.

என்னால் தாங்க முடியவில்லை. நான் ஓ என்று எடுத்தேன். அக்கா பாய்ந்து என் வாயைப் பொத்தினாள். "வேண்டாம் ஏட்டி. தொடங்கிட்டா ஊருணி வரும், வேலி வரும், வந்து பாக்காத அம்புட்டுப் பேரும் வருவான். என்னால நிறுத்த முடியாது. அவிய கடை போயிரும்" என்றாள்.

யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ராவுத்தர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தார். நோய்த் தெருவுக்குள் வராதீர்கள் என்று கான்ஸ்டபிள் தடுத்ததையும் மீறி வந்து, வாசலில் நின்று, "அழுவு தங்கச்சி. கடை போனாப் போவுது. நான் உசுரோட இருந்தா இன்னொரு கடை போட்டுக்கிடுவேன். பிள்ளைய அழுவாம அனுப்பாத" என்று கத்தினார். அவர் கத்தியதில் அவர் குரலே உடைந்துவிட்டது. அக்கா அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவருக்கும் ஏழெட்டுப் பிள்ளைகள். அவள் முந்தானையை மறுபடியும் வாயில் அடைத்துக்கொண்டாள்.

ஊரில் அத்தனை பேர் பிணத்துக்கும் அழுதவள் தன் வயிற்றில் பிறந்ததற்கு அழவில்லை. எங்கள் அம்மா போன மாதிரியே அவள் மகளும் போனாள்.

வருஷம் முடிந்தது. ராவுத்தரே வந்து, "தங்கச்சி, ஜாமீன் முடிஞ்சுபோச்சு. இனி ஒன்ன யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். அதற்குப் பிறகும் அவள் பாடவில்லை. எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்காத அழுகை பிறகு எங்கே வரும்? ஆலைக்குப் போவாள், வருவாள். விளக்கு வைத்ததும் ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வாசல்படிக்கு வெளியே வைப்பாள். காக்கை குருவிக்கு வைக்கிறாளாக்கும் என்று நானும் கேட்டதில்லை. குழந்தை போன மறுவருஷம் ஊருணிக்கு வேலி வந்தது. சில வருஷம் கழித்து ராவுத்தர் இறந்தார். அவர்கள் வழக்கத்தில் ஒப்பாரி கிடையாது. அக்கா பள்ளிவாசலுக்கு எதிர்ப்புறம் வெயிலில் நின்று, அடக்கம் முடியும்வரை நின்றுவிட்டு வந்தாள்.

மகாராணிக்குப் பின்னால் பட்டத்துக்கு வந்த மகனும் ஒரு சித்திரைக் கடைசியில் செத்தார். மறுபடியும் தமுக்கு. ஆனால் இந்தத் தடவை தமுக்குக்காரர் சேர்த்துச் சொன்னார்: சாவடியில் எல்லாரும் அடக்கமாகக் கூடி நிற்க வேண்டும், யாரும் வாய்விட்டு அழக் கூடாது. முன்சீப் கிழமாகிவிட்டார். மகாராணி சாவில் பட்ட சூடு அவருக்கு இன்னும் ஆறவில்லை. படத்தைச் சுவரில் உயரமாக மாட்டிவிட்டார். நாற்காலி இல்லை, கொட்டு இல்லை, கோடித்துணி போட ராவுத்தரும் இல்லை.

நான் போகவில்லை என்றேன். அக்கா, "வா ஏட்டி, போவோம்" என்றாள். எனக்கு ஆச்சரியம். கூட்டத்தோடு போய் நின்றோம். புதுத் துரை வந்திருந்தார். பக்கத்தில் அதே துபாசி. தலையில் இளநரை ஓடி, கண்ணாடி தடித்து, பழைய பெருமையெல்லாம் வற்றிப்போயிருந்தது. யாரோ ஒருவர் எழுதி வைத்ததை வாசித்தார். அப்புறம் எல்லாரும் பேசாமல் நிற்க வேண்டும் என்றார்கள். அத்தனை சனமும் வெயிலில் வாயை மூடிக்கொண்டு நின்றது. சாவுக்குக் கூடிய கூட்டத்தில் சத்தமே இல்லை. என் பக்கத்தில் அக்காவின் மூச்சு மட்டும் கேட்டது. அது ஏறி ஏறி இறங்கியது. அவள் நடந்து முன்னால் போனாள். போய்ப் படத்துக்கு நேரே உட்கார்ந்தாள். தலையை அவிழ்த்துப் போட்டாள்.

தண்ணி தண்ணின்னு கேட்டியே கண்ணே
தாரேன்னு பொய் சொன்ன பாவி நான்
ஊருணிக்கு வேலி கட்ட
ஒரு நாதி இல்லையேடி
உன்னப் பறிகொடுத்த ஊருல
உசரத்துல படம் தொங்குதேடி
வரிக்கு வந்த கூட்டமெல்லாம்
வாய்க்கரிசிக்கு வரலையேடி

இவ்வளவு வருஷம் உள்ளே கிடந்த குரல். கரகரத்து, இடையிடையே அறுந்து, ஆனால் அதே குரல். நான் என்னையறியாமல் ஓடிப்போய் அவள் பக்கத்தில் விழுந்து இரண்டாம் குரல் எடுத்தேன். முன்சீப் ஐயோ ஐயோ என்று கையைப் பிசைந்தார். கான்ஸ்டபிள் தடியை எடுத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார். துரை கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, துபாசியிடம் ஏதோ கேட்டார். அந்தம்மாள் என்ன சொல்கிறாள் என்றுதான் கேட்டிருப்பார்.

துபாசி அக்காவைப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. ஒவ்வொரு சொல்லும் அவருக்கு விளங்கியது என்பதும் தெரிந்தது. என்ன நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. அவர் வீட்டிலும் ஏதாவது குழந்தை போயிருக்கலாம். இங்கிலீஷில் ரொம்பச் சுருக்கமாக ஏதோ சொன்னார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். என் வீட்டுக்காரர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் காதில் விழுந்த இங்கிலீஷ் அவருக்குக் கொஞ்சம் பிடிபடும். "இறந்தவருக்காக அழுகிறாள்" என்று மட்டும்தான் துபாசி சொன்னாராம்.

துரை தொப்பியைக் கழற்றினார். கோடை வெயிலில் வெறுந்தலையோடு, அக்கா அழுது முடிக்கும்வரை அசையாமல் நின்றார். அவரைப் பார்த்து ஏட்டு தலைப்பாகையை எடுத்தார். கான்ஸ்டபிள் எடுத்தார். சர்க்கார் ஆட்கள் அத்தனை பேரும் வரிசையாகத் தலைகுனிந்து நின்றார்கள். யாருக்காக நிற்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. கூட்டத்தில் எங்கள் தெருக்காரர்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வரும்போது அக்காவை நான் தாங்கித்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். ஊருணிக்கரை தாண்டும்போது நின்றாள்.

"இனிப் போயிருவா ஏட்டி" என்றாள்.

"யாரு?"

"பிள்ளைதான். இம்புட்டு நாளும் தண்ணி கேட்டு வாசல்லயேல்ல நின்னா."

அன்றைக்கு விளக்கு வைத்த பிறகு அவள் செம்பை உள்ளேயே கவிழ்த்து வைத்துவிட்டாள்.